அடைக்கலத்தின் எடை

சிங்கப்பூரில் 2016 செப்டம்பரில் யாங் யின் என்பவருக்கு மாவட்ட நீதிமன்றம் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. போதாது என்று அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2017 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆறை ஒன்பதாக்கியது. குற்றம் அதேதான். எடுத்த பணமும் அதேதான்: இரண்டு தடவையாக மொத்தம் 11 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. இரண்டு தீர்ப்புக்கும் இடையே இருந்த ஐந்தாறு மாதத்தில் அவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. அப்படியென்றால் அந்த மூன்று ஆண்டு எதற்கான விலை? நான் சட்டம் படித்தவன் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பொறியியலாளன். ஆனாலும் இந்தக் கேள்வியை வழக்கறிஞர்களிடம் மட்டும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் வழக்கு. யாங் யின் சீனாவில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவர். 2008இல் பெய்ஜிங் பார்க்கப் போன ஒரு சிங்கப்பூர் மூதாட்டிக்கு அப்படித்தான் அறிமுகமானார். மூதாட்டி கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய சொத்து சுமார் 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி என்று மதிப்பிட்டார்கள். 2009இல் யாங் யின் அவருடைய பங்களாவிலேயே குடிவந்துவிட்டார். அந்த அம்மா தன்னைப் பேரனாகவே நினைக்கிறார் என்று சொல்லிக்கொண்டார். 2010இல் எழுதப்பட்ட உயில் எல்லாவற்றையும் அவருக்கே தந்தது. 2012இல், மூதாட்டிக்குப் புத்தி தடுமாறும் காலம் வந்தால் அவர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரமும் அவர் கைக்குப் போனது. 2014இல் மூதாட்டிக்கு மறதி நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு உறவுக்காரப் பெண் ஒருவர் நீதிமன்றம் ஏறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சிங்கப்பூரில் தங்குவதற்காகப் பொய்க் கம்பெனிக் கணக்குக் காட்டியது போன்ற மற்றக் குற்றங்களுக்குத் தனியாக 26 மாதம் கிடைத்தது. சேர்த்தால் 11 ஆண்டு 2 மாதம்.

பங்களா, 4 கோடி என்றதும் இது யாரோ பணக்காரர்கள் சமாச்சாரம் என்று தோன்றும். ஆனால் அவரைத் தண்டித்த சட்டப் பிரிவு நம்முடையதும்தான். மெக்காலே வரைந்து 1860இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டம், கிட்டத்தட்ட அதே வரிகளோடு, 1872இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அப்போது ஒரே நிர்வாகம். இன்றைக்கும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 405ஆம் பிரிவு நம்பிக்கை மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது, 406 அதற்குத் தண்டனை சொல்கிறது. நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது குற்றம். இதே வரிக்கு இந்தியாவில் 2024 ஜூலை வரைக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டு, புதிய சட்டத்தில் ஐந்து. சிங்கப்பூரில் ஏழு. மலேசியாவில் குறைந்தது ஒன்று, அதிகபட்சம் பத்து, கூடவே பிரம்படி, அபராதம்.

இந்தப் பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அது கேட்கிற கேள்விகள் இரண்டு: பொருள் ஒப்படைக்கப்பட்டதா, நேர்மையில்லாமல் எடுக்கப்பட்டதா. ஒப்படைத்தவர் யார் என்று அது கேட்பதில்லை. அவர் ஏன் ஒப்படைத்தார், ஒப்படைக்காமல் இருந்திருக்க முடியுமா என்றும் கேட்பதில்லை. வியாபாரக் கூட்டாளியும், படிக்கட்டு இறங்க முடியாத பாட்டியும் அந்த வரிக்கு முன்னால் சமம். சமமாக நடத்துவது நீதிதான். ஆனால் இங்கே அது எதையோ தவறவிடுகிறது. அந்த எதையோவைத் தண்டனை நிர்ணயத்தின்போது நீதிபதி தன் விருப்புரிமையால் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டு கூடிய இடம் அந்த விருப்புரிமைதான்.

அதில் முதலில் எதை எண்ணுவது? வழக்கமான பதில், பணத்தை. 1985இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி லேன், பேரிக் என்பவரின் வழக்கில் நம்பிக்கை மோசடிகளுக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். பொதுநலவாய நாடுகளின் நீதிமன்றங்கள் நெடுங்காலம் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. பத்தாயிரம் பவுனுக்குக் கீழே என்றால் பதினெட்டு மாதம் வரைக்கும், அதற்கு மேல் ஐம்பதாயிரம் வரை என்றால் இரண்டு மூன்று ஆண்டு, அதையும் தாண்டினால் இன்னும் மேலே என்று படிப்படியாகப் போகும். நியாயமாகச் சொன்னால் லேன் தொகையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. எவ்வளவு நம்பிக்கை வைக்கப்பட்டிருந்தது, எவ்வளவு காலம் நடந்தது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்கச் சொன்னார். ஆனால் எண்ணாக எழுதப்பட்டது தொகை மட்டும்தான். எண் இருக்கிற இடத்துக்கே கண் முதலில் போகும்.

நிபோங் திபாலில் பொறியியல் படித்தபோது முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்த விஷயம் ஒன்று. ஒரு கம்பி அறுமா அறாதா என்பதை அதில் தொங்கும் சுமையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சுமையைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். வருகிற எண்ணுக்குத் தகைவு என்று பெயர். பாலத்தைத் தாங்கும் வடத்தில் ஐம்பது கிலோ தொங்கினால் அதற்குத் தெரியவே தெரியாது. அதே ஐம்பது கிலோ பட்டம் விடுகிற நூலில் தொங்கினால் என்ன ஆகும்? சமூகநல இலாகா ஏழை முதியவருக்கு மாதம் 600 வெள்ளி கொடுக்கிறது. ஏடிஎம் அட்டையை வைத்திருக்கும் ஆள் அதை முழுசாக எடுத்துக்கொண்டு, பாட்டிக்கு ஒருவேளைச் சோறு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 7,200 வெள்ளி. மூன்று ஆண்டானாலும் 21,600. தொகை அட்டவணையில் இது அடிப்படியில் உட்காரும். பாட்டியின் கணக்கில் இது நூற்றுக்கு நூறு.

சிங்கப்பூர் மூதாட்டி இழந்தது அவருடைய சொத்தில் நாற்பதில் ஒரு பங்குக்கும் சற்று மேல். அதனால் யாங் யின் செய்தது சின்னத் தப்பு என்று சொல்ல வரவில்லை. ‘எவ்வளவு எடுத்தான்’ என்ற கேள்வியோடு ‘எவ்வளவு மிச்சம் வைத்தான்’ என்ற கேள்வியையும் கேட்டால்தான் கம்பி அறுந்ததா என்று தெரியும் என்கிறேன். இன்னொன்றும் உண்டு. முப்பது வயதில் 20 ஆயிரம் வெள்ளி போனால் ஓவர்டைம் செய்து திரும்பச் சேர்க்கலாம். எழுபத்தைந்தில் போனால் போனதுதான். ஊழியர் சேமநிதியை 55 வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது நமக்குத் தெரியும். அந்த ஒரு தடவைக்குப் பிறகு பலருக்கு வேறு வரவு கிடையாது. திருடப்பட்டது பணம் மட்டும் என்றால், திருப்பிச் சேர்க்கத் தேவையான காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா?

அடுத்தது நன்னடத்தை. எந்த நீதிமன்றத்திலும் தண்டனைக்கு முன்னால் வழக்கறிஞர் எழுந்து சொல்லும் முதல் வாக்கியம், “என் கட்சிக்காரர் இதற்கு முன் எந்தக் குற்றமும் செய்யாதவர்.” பெரும்பாலான குற்றங்களில் இது நியாயமான கோரிக்கைதான். முதல் தடவை தவறியவனுக்கும் ஐந்தாவது தடவை செய்பவனுக்கும் வித்தியாசம் வேண்டும். ஆனால் இந்த வகைக் குற்றத்தில் நல்ல பெயர்தான் சாவி. குடிகாரப் பிள்ளையிடம் யாரும் அட்டையைக் கொடுப்பதில்லை. பொறுப்பானவன், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவன், மாமா மாசி என்று எல்லாரையும் விசாரிப்பவன், அவனிடம்தான் கொடுப்போம். பேரிக் தீர்ப்பிலேயே இதைத் தொட்டிருக்கிறார்கள்: இந்தக் குற்றங்களைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கறையில்லாத பெயர் உள்ளவர்கள், மறுபடி செய்யும் வாய்ப்பும் குறைவு, ஆனாலும் சிறை தவிர்க்க முடியாதது என்று. பூட்டை உடைத்தவன் கையிலிருந்த கடப்பாரையைக் காட்டி, “பாருங்கள், எவ்வளவு நல்ல இரும்பு” என்று சொல்லித் தண்டனைக் குறைப்புக் கேட்டால் சிரிப்போம். நல்ல பெயரைக் காட்டிக் கேட்டால் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

இங்கே என் சொந்த நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மாவின் ஏடிஎம் அட்டை என் பர்சில்தான் இருக்கிறது. ரகசிய எண்ணும் எனக்குத் தெரியும். அவருக்கு முழங்கால் வலி, ஆயர் ஈத்தாமில் ஐந்தாவது மாடி, பேங்குக்குப் போய் வர முடியாது. “ஒன்கிட்ட இருந்தாதான்டா எனக்கு நிம்மதி” என்று கொடுத்தார். மாதா மாதம் எடுத்துக் கொடுக்கிறேன். அவர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நான் நேர்மையாக இருப்பதற்கு என்னைத் தவிர வேறு காவல் இல்லை. வேலையிடத்தில் ஒரு இயந்திரத்தின் அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒருவர் யோக்கியர் இல்லை என்பதால் இல்லை, ஒரே ஆளை நம்பி ஓர் அமைப்பு நிற்கக் கூடாது என்பதால். நம் குடும்பங்களில் ஒரே ஆளை நம்பித்தான் எல்லாம் நிற்கிறது.

அதற்குச் சட்டமும் ஒரு காரணம். மலேசியாவில் ஒருவர் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம், அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் செல்லாமல் போய்விடும். எப்போது தேவையோ அப்போது அது உதவாது. அதன் பிறகு 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போய், சொத்தை நிர்வகிக்க ஒரு குழுவை நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மருத்துவர் அறிக்கை, வழக்கறிஞர் செலவு, அலைச்சல். மாதம் சில நூறு வெள்ளிக்காக யார் அதைச் செய்வார்கள்? அட்டையையும் எண்ணையும் கொடுத்துவிடுவதுதான் சாதாரண மக்களின் பவர் பத்திரம். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, கணக்கு இல்லை. பிறகு வழக்கு என்று வந்தால், “அவங்களாதான் கொடுத்தாங்க” என்ற ஒரு வாக்கியம் போதும். அது பொய்யும் இல்லை. அவர்களாகத்தான் கொடுத்தார்கள்.

இனிதான் எனக்கு மிகவும் கஷ்டமான பகுதி வருகிறது. செபராங் பிறை பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தாமானில் ஒரு பாட்டி இருந்தார். கடைசி மகன் அவருடைய சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தீர்த்துவிட்டான். மகள் வற்புறுத்திப் போலீஸ் புகார் கொடுக்கவைத்தாள். இரண்டு வாரத்தில் பாட்டி தானே போய், தொடர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். நான் கேட்டபோது அவர் சொன்னது: “அவன் உள்ள போயிட்டா எனக்கு என்ன தம்பி கெடைக்கும்? பணமா திரும்பி வரும்? ராத்திரியில தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட ஆள் இருக்காது.”

இப்படிப்பட்ட ஒருவர் நீதிமன்றத்தில் நின்று “என் பிள்ளையை மன்னித்துவிட்டேன், விட்டுவிடுங்கள்” என்று சொன்னால் நீதிபதி என்ன செய்ய வேண்டும்? நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183அ பிரிவு, தண்டனைக்கு முன்னால் பாதிக்கப்பட்டவரோ அவருடைய குடும்பத்தினரோ கேட்டுக்கொண்டால், குற்றம் தங்களை எப்படிப் பாதித்தது என்று பேச இடம் கொடுக்கிறது. நல்ல பிரிவு. ஆனால் இந்த வழக்குகளில் பாட்டியின் குடும்பம் என்பது பல நேரம் எடுத்தவனின் குடும்பமும்தான்.

அந்த மன்னிப்பை ஏற்றுத் தண்டனையைக் குறைத்தால், எந்த சார்பு திருட்டுக்கு வழிவிட்டதோ அதே சார்பு திருடனுக்குச் சலுகையும் வாங்கித் தருகிறது. அம்மா எவ்வளவு ஆதரவற்றவரோ அவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கிடைக்கும். சரி, அவர் பேச்சைக் கண்டுகொள்ளாமல் தண்டித்தால்? மகன் செய்தது என்ன? அவருடைய விஷயத்தை அவரைக் கேட்காமல் முடிவு செய்தான். ‘அதுக்கு என்ன தெரியும்’ என்று நினைத்தான். நீதிமன்றமும், ‘பாவம், அவருக்கு என்ன தெரியும், பாசத்தில் பேசுகிறார்’ என்று ஒதுக்கிவிட்டால், அது இன்னொரு விதத்தில் அதையேதான் செய்கிறது. வயதானவரைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டு அவரை மறுபடியும் இல்லாதவராக ஆக்குகிறோம்.

இதில் எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது என்றே நெடுநாள் நினைத்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால்தான் இடிக்கிறது. இவன் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்பது ஒரு கேள்வி. இந்த அம்மாவுக்கு இனி என்ன வேண்டும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி அவருக்கு மட்டும் சொந்தமில்லை. அட்டையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எல்லாப் பெரியவர்களுக்கும், அட்டையை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதனால்தான் அது அரசுத் தரப்பின் வழக்காகிறது. அங்கே தாயின் மன்னிப்பு குற்றத்தின் எடையைக் குறைக்கக் கூடாது. இரண்டாவது கேள்வி முழுக்க அவருடையது. பணம் திரும்ப வேண்டுமா, மகன் அந்த வீட்டில் இருக்கலாமா கூடாதா, தன்னை யார் பார்த்துக்கொள்ள வேண்டும், இதிலெல்லாம் அவர் சொல்வதே முதலில் கேட்கப்பட வேண்டும். அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரை அதில் அவரை மீறி யாரும் பேசக் கூடாது.

இதற்கான கருவிகள் மலேசியாவில் இல்லாமல் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது, பாதிக்கப்பட்டவரின் சொத்தை நேர்மையில்லாமல் தனதாக்கி அவரைப் பண இழப்பால் தவிக்கவிடுவதும் வன்முறை என்று சேர்க்கப்பட்டது. மூப்பினாலோ நோயினாலோ இயலாமல் போன பெரியவர்களைப் பற்றி அந்தச் சட்டம் தனியாகவே பேசுகிறது. அதன்கீழ்ப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். ஆனால் எடுத்தவர் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆள் என்றால், யாங் யின் மாதிரி ஒருவர் என்றால், அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டாது. நடைமுறைச் சட்டத்தின் 426ஆம் பிரிவோ, அரசுத் தரப்பு விண்ணப்பித்தால் குற்றவாளி இழப்பீடு கொடுக்க நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்கிறது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இந்த ஆணை, பத்து ஆண்டுச் சிறைச் செய்தியைவிட அவசரமானது.

நீண்ட சிறைதான் பதில் என்று நினைப்பவர்களுக்கு நியூயார்க்கின் புரூக் ஆஸ்டர் வழக்கை நினைவுபடுத்த வேண்டும். பெரும் கொடையாளியான அந்த அம்மையார் 2007இல் 105 வயதில் இறந்தார். முதுமையில் அவருடைய சொத்தைச் சுரண்டியதாக அவருடைய ஒரே மகன் ஆண்டனி மார்ஷல் மீது வழக்கு நடந்தது. விஷயத்தை முதலில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் மார்ஷலின் சொந்த மகன். 2009இல் ஒன்று முதல் மூன்று ஆண்டுவரை என்று தண்டனை விதிக்கப்பட்டபோது மார்ஷலுக்கு 85 வயது. மேல்முறையீடுகள் முடிந்து 2013 ஜூனில் உள்ளே போனார். உடல்நிலை காரணமாக ஆகஸ்டில் வெளியே வந்தார். மறு ஆண்டு இறந்துபோனார். நூறு வயது அம்மாவைச் சுரண்டுகிற மகன் தானும் கிழவனாகத்தான் இருப்பான். நம் நாட்டுப் பிரம்படிக்கும் இதே கதைதான். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் பாலியல் குற்றங்கள் போன்றவை தவிர பிரம்படி இல்லை, பெண்களுக்கு இல்லவே இல்லை. எழுபத்தைந்து வயதுத் தாயின் மூத்த பிள்ளைக்கு எத்தனை வயதிருக்கும்? சட்டப் புத்தகத்தில் கடுமையாக இருக்கும் ஒரு வரி, யாருக்காக இருக்கிறதோ அவர்களில் பாதிப் பேரைத் தொடுவதே இல்லை.

கடுமைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பத்து ஆண்டு, பிரம்படி என்று தெரிந்தால் எந்தத் தாய் புகார் கொடுப்பாள்? தண்டனை எவ்வளவு பெரிதோ அவ்வளவு மௌனம். தண்டனையின் கொடூரத்தைவிட அது தவறாமல் வரும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியின் பெக்காரியா 1764லேயே எழுதிவிட்டார். வள்ளுவர் வெருவந்த செய்யாமை அதிகாரத்தில், ஆளுகிறவன் கையை ஓங்கும்போது கடுமை தெரிய வேண்டும், இறக்கும்போது அளவு தெரிய வேண்டும் என்ற கருத்தைச் சொல்கிறார். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: இது பெரிய குற்றம் என்ற அறிவிப்பில் சலுகை வேண்டாம். விழுகிற அடியில் பாதிக்கப்பட்டவரின் மிச்ச வாழ்க்கையை நினைத்துப் பார்க்கலாம்.

பக்கத்து நாடுகள் ஆளுக்கொரு பாதியைப் பிடித்திருக்கின்றன. சிங்கப்பூர் 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவருக்கு எதிரான குற்றம் என்றால் அதிகபட்சத் தண்டனையை இரட்டிப்பாக்கலாம் என்று தண்டனைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. இரட்டிப்பு அவசியமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒப்படைத்தவர் யார் என்ற கேள்வியைச் சட்டமே கேட்க ஆரம்பித்திருக்கிறது, அது பெரிய விஷயம். இந்தியா மறுபக்கம் போனது. அங்கே 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் வீட்டை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம் என்கிறது. பெரியவரை அனாதையாக விட்டுவிட்டுப் போனதற்கான சிறையோ வெறும் மூன்று மாதம்தான், இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஊர்மிளா தீட்சித் வழக்கில், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரமும் அந்தத் தீர்ப்பாயங்களுக்கு உண்டு என்று சொன்னது. ஒரு நாடு எடைக்கு எண் கொடுத்திருக்கிறது. இன்னொன்று வீட்டைத் திருப்பிக் கொடுக்க வழி செய்திருக்கிறது. நமக்கு இரண்டும் வேண்டும். 2030இல் மலேசியர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்று அரசாங்கமே சொல்லி வருகிறது. இந்த வழக்குகள் குறையப் போவதில்லை.

நம்பிக்கை மோசடியை மலாயில் பெச்சா அமானா என்கிறோம். அமானாவை உடைப்பது. தமிழில் அதற்கு நேரான பழைய சொல் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மதுரையில் இடையர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதில் மாதரியின் குற்றம் எதுவுமில்லை. அவள் எதையும் எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து இறந்துபோனாள் என்று காப்பியம் சொல்கிறது. அந்தத் தீயை நான் நியாயப்படுத்தவில்லை. அப்படி ஒரு தண்டனை யாருக்கும் வேண்டாம். ஆனால் ஒப்படைக்கப்பட்ட ஒன்றின் எடை என்ன என்பது பற்றி நம் மொழிக்கு ஒரு காலத்தில் தெளிவு இருந்தது. அது பொருளின் விலையில் இல்லை. ஒப்படைத்தவர் வேறு போக்கிடம் இல்லாமல் ஒப்படைத்தார் என்பதில் இருந்தது.

யாங் யின்னுக்குக் கூடிய மூன்று ஆண்டு எதற்கான விலை என்று கேட்டேன். உயர் நீதிமன்றத்தின் மனதை நான் அறியேன். என் கணக்கில் அது அந்த எடைக்கான விலையாக இருந்தால் மட்டுமே நியாயம். நம் நீதிமன்றங்களும் தண்டனைக்கு முன் மூன்றைக் கேட்கட்டும்: ஒப்படைக்காமல் இருக்க அவருக்கு வழி இருந்ததா? எடுத்த பிறகு அவருக்கு என்ன மிஞ்சியது? அவர் உயிரோடு இருக்கும்போதே எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. செபராங் பிறைப் பாட்டியின் கேள்வி சட்டத்தைப் பற்றியதே இல்லை. ராத்திரியில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அவர் திருட்டைப் பொறுத்துக்கொண்டார். எந்த நீதிபதியும் அந்த ஆளைத் தீர்ப்பில் எழுத முடியாது. அந்த இடத்தில் வேறு யாராவது, மகளோ, அண்டை வீட்டுக்காரரோ, நலத்துறை அதிகாரியோ இருப்பார்கள் என்று தெரிந்திருந்தால் பாட்டி புகாரைத் திரும்பப் பெற்றிருப்பாரா? எனக்குத் தெரிந்தவரை, மாட்டார்.